பரண் பெட்டிப் பத்திரிகைகள்

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்த செங்கோடன், தன்னைவிட வயதில் சிறியவரைக் குருவாக ஏற்றுக்கொண்டவர். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! தவமணியம்மா முன்பு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். இப்போது கரட்டடியில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். அதைத்தான் எல்லோரும் மடம் என்றார்கள். பட்டறையில் செங்கோடன் போடுகிற சத்தத்துக்குச் சம்மட்டியே தோற்றுப்போகும். மடத்து வாசலில் செருப்பைக் கழற்றினால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும்.

அன்று அவர் இரண்டு கல்யாணப் பத்திரிகை மாதிரிகளோடு வந்து உட்கார்ந்தார்.

"தாரணிக்குக் கல்யாணம் கூடியிருக்குதுங்கம்மா."

"ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷந்தானுங்க. ஆனா வீட்டுல அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே சண்டை."

ஒன்று நகைப்பெட்டி மாதிரி இருந்தது. வெல்வெட், தங்கக் கலர் எழுத்து, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு. அது செங்கோடன் எடுத்தது. மகள் எடுத்தது விதைக் காகிதம். படித்துவிட்டு மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் துளசி முளைக்குமாம்.

"ஒரு நாள் கல்யாணத்துக்கு, மக்கவே மக்காத குப்பை எதுக்குப்பான்னு கேக்கறா. நியாயமான பேச்சுதானுங்க. ஆனா அவ எடுத்தது மட்டும் என்ன வாழுதாம்? நனைஞ்சா வழியிலயே முளைச்சுருமுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பறாங்க!"

தவமணியம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இதுல எதை எடுக்கட்டும்?"

"உங்க வீட்டுக்கு இதுவரைக்கும் வந்த பத்திரிகையையெல்லாம் என்ன பண்ணினீங்க?"

"பரண்ல ஒரு தகரப் பெட்டி நெறையக் கெடக்குதுங்க. சாமி படம் போட்டிருக்குது, மூலைக்கு மூலை மஞ்சத் தடவியிருக்குது. எரிக்க மனசு வருமா? குப்பையில போடத்தான் மனசு வருமா?"

"அந்தப் பெட்டியைக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. தவமணியம்மா மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தார். பிறகு திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதையும் ஒரு பேனாவையும் செங்கோடன் கையில் கொடுத்தார்.

செங்கோடனுக்குப் புரிந்தது. புரிந்ததும் திக்கென்றது.

"அவங்கவங்க பத்திரிகைக்குப் பின்னால எழுதி, அவங்களுக்கே திருப்பிக் குடுக்கறதுங்களா? மூஞ்சியில விட்டெறிஞ்ச மாதிரி ஆயிருமுங்களே! செங்கோடன் பட்டறை படுத்துருச்சான்னு கேப்பாங்க."

"ஒரு வீட்டுக்கு மட்டும் போயிட்டு வாங்க."

முதல் வீடு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மாரப்பனுடையது. செங்கோடன் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டும்போது கூசிப்போனார். மாரப்பன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை. மனைவி பெயருக்கு முன்னால் திருவளர்செல்வி என்று போட்டிருந்தது. அந்த அம்மாள் காலமாகி நாலைந்து வருஷம் ஆகிறது.

"எங்க வீட்டுல இதுல ஒண்ணுகூட மிஞ்சலீங்க," என்றார். "எல்லாத்தையும் ஊருக்குக் குடுத்துட்டோம். நீங்க இத்தனை நாள் வெச்சிருந்தீங்களா?"

செங்கோடன் என்ன சொல்வார்? பரணில் போட்டு மறந்துவிட்டேன் என்றா? தலையை மட்டும் ஆட்டினார். மாரப்பன் அவர் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. காப்பி ஆறிப்போனது.

அவர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் தாரணி தன் முத்துமுத்தான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். அம்மாவும் மகளும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, இது யார் கல்யாணம், இந்தக் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோனது என்று ஒரே சிரிப்பு. பழைய பத்திரிகைகள் மையை நன்றாக வாங்கிக்கொண்டன. பிளாஸ்டிக் பூசிய புதுப் பத்திரிகைகளில் பேனா வழுக்கியது. "இவங்களுக்கு நேர்ல போய் வாயால சொல்லிரலாம்," என்றாள் தாரணி. பெட்டியில் இல்லாதவர்களுக்கும் அப்படியே.

செங்கோடன் வீடு வீடாகப் போனார். பிறை போட்ட நிக்காஹ் பத்திரிகையை வாங்கிய ரஹ்மத்துல்லா பாய், அப்பா பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். அந்த வீட்டு பிரியாணியைத் தான் இரண்டு பந்தி உட்கார்ந்து சாப்பிட்டது செங்கோடனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடடா, எத்தனை வீட்டுச் சோறு! ஒவ்வொரு வாசலாக இறங்கும்போது நெஞ்சு நிறைந்து போனது. அழைக்கப் போகிறோமா நன்றி சொல்லப் போகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் மடத்துக்கு வந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்கம்மா," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஓரமெல்லாம் பழுத்துப்போன பத்திரிகை. "சாமிக்கு வெச்சது. அதனாலதான் மிஞ்சியிருக்குது. என்ற தங்கச்சி நல்லம்மா கல்யாணத்துது."

எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"பத்து வருஷமாப் பேச்சு இல்லீங்க. எங்க அம்மா காரியத்தன்னைக்கு ஏதோ சின்னப் பேச்சு வளர்ந்து, பந்தியில வெச்சு, 'என்ற சோத்துல வளர்ந்தவதானே நீ'ன்னு சொல்லிப்போட்டேன். எலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போனவ, திரும்பிப் பார்க்கலை."

பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார்.

"அத்தை இல்லாம மணையில உக்கார மாட்டேங்கறா தாரணி. எனக்கும் அவ வரணுமுங்க. பின்னால எழுதிக்கூட வெச்சாச்சு. ஆனா இதைக் கொண்டுபோய் நீட்டினா, 'என் கல்யாணத்தையே திருப்பிக் குடுக்கறயா, உறவை அறுத்துவிட வந்தயா'ன்னு கேக்க மாட்டாளா? அவளுக்கு மட்டும் புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுத்துரட்டுங்களா?"

தவமணியம்மா பத்திரிகையை வாங்கி, அடியில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"இதைக் குடுத்து ஊரைக் கூப்பிட்டது யாரு?"

"நாந்தானுங்க. அப்பா அப்பவே தவறிட்டாரு."

"யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"ஒருத்தர் பாக்கியில்லீங்க. எதிரிக்குக்கூடக் குடுத்தேன்."

"கல்யாணப் பொண்ணுக்கு?"

செங்கோடன் விழித்தார். "அவளுக்கு எதுக்குங்க பத்திரிகை? அவ கல்யாணந்தானே அது!"

"அப்ப எப்படித் திருப்பிக் குடுக்கறதாகும்? இதை அவங்களுக்கு நீங்க இன்னும் குடுக்கவேயில்லையே, ஐயா."

செங்கோடன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். நேரே ராசிபுரம் பஸ்.

கதவைத் திறந்த நல்லம்மாள் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. செங்கோடன் இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டினார். அவள் வாங்கினாள். பார்த்ததும் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"தட்டுல எட்ட இருந்து பார்த்ததுதான்," என்றாள் மெதுவாக. "கல்யாணப் பொண்ணு கேட்டு வாங்கிப் படிச்சா வெக்கங்கெட்டவம்பாங்கன்னு கேக்கலை."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.

"'அப்பா போய், அம்மா கூலி வேலைக்குப் போன பின் அடுப்பில் வெந்து, எனக்குச் சோறாக்கிப் போட்டு, என்னை ஆளாக்கிய என் தங்கை நல்லம்மாளை...'"

நிறுத்தினாள். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தாள்.

பத்திரிகையில் இப்படியெல்லாம் யாரும் போடுவதில்லை என்று அச்சகத்துக்காரர் அன்று தலையில் அடித்துக்கொண்டார். போட்டே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் செங்கோடன்தான். அடப்பாவி, எப்படி மறந்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அம்மிணி," என்றார். "பின்னால திருப்பிப் பாரு. நம்ம தாரணிக்கு..."

"இருங்கண்ணா." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "முன்பக்கமே இன்னும் முடியலை."

செங்கோடன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.