அளக்காத வருஷம்

மலைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் தமயந்தி அம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் வீரணன். அம்மாளைவிட ஆறு வயது மூத்தவர். காட்டுக் காவலராக வந்தவருக்கு மரத்தை அளக்கவும் அளந்ததை எழுதவும் அம்மாள்தான் கற்றுக்கொடுத்தார்.

காடு மூன்று துண்டு. முதல் துண்டில் மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்துவிட்டு மறுபடி வளர விட்டிருந்தார்கள். இரண்டாவதில் மூன்றுக்கு ஒன்றாகப் பொறுக்கி வெட்டினார்கள். மூன்றாவதில் கோடரியே படவில்லை. எப்படி வெட்டினால் தேக்கும் மருதும் வேங்கையும் எப்படி வளரும் என்று பார்க்க வேண்டும். அதற்காக வருஷாவருஷம் மாசியில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுப்பார்கள். இருபத்தாறு வருஷமாக நடக்கிறது. இன்னும் ஐம்பது வருஷம் நடக்க வேண்டும். முடிவைப் பார்க்க இருவருமே இருக்கப்போவதில்லை.

அம்மாளுக்கு முழங்கால் போன பிறகு வீரணன் தனியாகத்தான் போய்வந்தார். மரத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லி எழுதுவார். நாள் முழுக்க அங்கே கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான்.

அந்த மாசியில், இரண்டாம் துண்டில் ஒரு மருத மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். நூற்று நாற்பது சென்டிமீட்டர். நோட்டில் போன வருஷத்து அளவு நூற்று நாற்பத்தொன்று. மறுபடி பிடித்தார். நூற்று நாற்பதுதான். பக்கத்து மரமும் அப்படியே குறைந்து நின்றது.

மரம் சுருங்காது. அது அவருக்குத் தெரியும்.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு நேரே அம்மாளின் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே சொன்னார். போன மாசியில் மனைவி ஒச்சம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அவளை அடக்கம் செய்துவிட்டு மலையேறி வந்தபோது மாசி போய்விட்டது. காட்டுக்குள் போகக் கால் வரவில்லை. அறையில் உட்கார்ந்து, முந்தைய வருஷத்து அளவோடு வழக்கமாக ஏறுகிறதைக் கூட்டி எழுதிவிட்டார். அந்த வருஷம் மழை பொய்த்து மரங்கள் பருக்காமல் நின்றது அவர் நினைவிலேயே இல்லை.

"இருநூத்திச் சொச்சம் மரத்துக்கும் பொய் எழுதிட்டேன்மா. அத்தனை வருஷ வேலையையும் கெடுத்துட்டேன்."

அம்மாள் அலமாரியைத் திறந்து, வீரணன் இங்கே வருவதற்கு முந்தைய நோட்டு ஒன்றை எடுத்து விரித்து நீட்டினார். மரங்களின் எண்கள் வரிசையாக இருந்தன. ஒரு வருஷத்துக்கு மட்டும் எதிரே எல்லாம் வெற்றிடம். மேலே அம்மாளின் கையெழுத்தில் ஒரே சொல்: அளக்கவில்லை.

"அந்த வருஷம் என்னம்மா ஆச்சு?"

"அது காட்டுக்குத் தேவையில்லாதது, அண்ணா."

வீரணன் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அம்மாளின் சொந்தக் கதையைக் கேட்டதில்லை. இப்போதும் மேற்கொண்டு கேட்கவில்லை.

தன் நோட்டைத் திறந்து, எழுதிய பொய்களின் மேல் கோடு இழுக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றது.

"நான் அந்த வருஷம் வரலைன்னு பின்னால பாக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடுமே அம்மா."

"தெரியட்டும் அண்ணா. நாம வராத வருஷமும் மரத்துக்கு ஒரு வருஷந்தான்."