மயில் பொன்னின் ஆயுள்

முன்னொரு காலத்தில், எந்த வருடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. விசயமல்லன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தார். படை பெரிதில்லை, நிலமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் மயில் முத்திரை போட்ட ஒரு பொற்காசை அவர் அச்சடித்துவந்தார். அந்த மயில் பொன்னுக்கு இருந்த மரியாதை பத்து ராஜாக்களுக்குச் சேர்த்தும் இருந்ததில்லை.

கிழக்கே பட்டு விற்பவனும் மேற்கே குதிரை விற்பவனும் இந்த ராஜ்யத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தங்களுக்குள் விலை பேசும்போது மயில் பொன்னில்தான் பேசுவார்கள். அரண்மனை அரக்கு வைத்துக் கட்டிய நூறு காசுப் பை ஒவ்வொரு துறைமுகமாகக் கை மாறிப் போகும். முடிச்சை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. அவிழ்த்து எண்ணுகிறவனைப் பார்த்தால் மற்ற வணிகர்கள் சிரிப்பார்கள். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது, ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்?

அந்தப் பெருமைதான் அவரை ஒரு நாள் கவிழ்க்கப் பார்த்தது.

பொக்கிஷ அதிகாரி பேரருளாளர் ராஜாவைத் தனியே கண்டு மெல்லப் பேசினார். "மகாராஜா, பையைத்தான் எவரும் அவிழ்ப்பதில்லையே. காசில் மூன்றில் ஒரு பங்கு செம்பைக் கலந்து மேலே பொன்முலாம் பூசினால் யாருக்குத் தெரியப்போகிறது? மிஞ்சும் பொன்னில் தங்களுக்கு ஓர் ஆயிரங்கால் மண்டபமே கட்டலாம்." ராஜாவுக்கு மண்டபம் என்றால் உயிர். சரி என்று தலையாட்டிவிட்டார். ராஜா, பேரருளாளர், அக்கசாலையில் காசு அடிக்கும் நான்கு பேர், இவர்களைத் தவிர எவருக்கும் விஷயம் தெரியாது. புதுக்காசு அடித்தாயிற்று. திங்கட்கிழமை அரண்மனைக்காரர்களுக்குச் சம்பளமாகவும் கொடுத்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை பேரருளாளர் சபையில் எழுந்து ஓர் ஆணையை வாசித்தார். "இன்று முதல் மயில் பொன்னை எடை பார்ப்பவர், கல்லில் உரைப்பவர், பல்லால் கடிப்பவர் எவரானாலும் அவர் பதவியோ தொழிலோ பறிபோகும்."

சபையின் ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. சிரித்தவன் கொழுந்தீசன், அரசவை விகடகவி. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார் என்பதாலேயே பேரருளாளருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"எதற்குச் சிரித்தாய்?" என்றார் ராஜா.

"மகாராஜா, நேற்றுவரை நம் காசை எடை பார்க்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றியதில்லை. இன்று ஆணை போட்டு நாமே ஞாபகப்படுத்துகிறோம். நம் காசின் ஆயுள் குறைகிறதே என்று நினைத்தேன். அழத் தெரியாதவன், சிரித்துவிட்டேன்."

ராஜாவின் முகம் கறுத்தது. பேரருளாளர் இதுதான் சமயம் என்று நுழைந்தார். "மகாராஜா, இவனுக்கு ஆயுள் பார்க்கத் தெரிகிறதாம். மயில் பொன் உலகத்தில் எத்தனை காலம் செல்லும் என்று சரியாகச் சொல்லட்டும். சொன்னால் போதாது, நிரூபிக்கவும் வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா. "வெள்ளிக்கிழமைவரை உனக்குத் தவணை. தவறினால் இந்த ராஜ்யத்தில் உனக்கு இடமில்லை."

கொழுந்தீசன் வணங்கி, "ஒரு சந்தேகம். இந்த ஆணை பெரிய மனிதர்களுக்கும் உண்டா?" என்று கேட்டான்.

"மீன் விற்பவர் முதல் மந்திரிவரை எல்லோருக்கும் உண்டு. எழுதியவனே நான்தான்," என்றார் பேரருளாளர்.

மூன்று நாளும் கொழுந்தீசனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த மண்ணை விட்டுப் போவதென்றால் விகடகவிக்கும் லேசா? அவன் பேச்சுக்குச் சிரிக்க அயல்நாட்டில் யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை ராஜா ஆலோசனை மண்டபத்தில் நெருங்கிய ஏழெட்டுப் பேருடன் அமர்ந்திருந்தார். கடல் தாண்டி நாற்பது குதிரைகளுடன் வந்திருந்த யூசுப் என்ற வணிகர் விலைப் பணத்துக்காக வெளியே காத்திருந்தார்.

"மகாராஜா, பதில் தயார்," என்றான் கொழுந்தீசன். "பொக்கிஷத்திலிருந்து இரண்டு பை வேண்டும். ஒன்று போன வருடத்தது, ஒன்று இந்த மாதத்தது."

பைகள் வந்தன. ஒரே துணி, ஒரே அரக்கு, ஒரே மயில். அவன் இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "எது எதென்று எனக்கே மறந்துவிட்டது. மறந்தால் என்ன, ஆணைப்படி இரண்டும் ஒன்றுதானே? முதலில் பேரருளாளருக்கு மரியாதை செய்வோம். பொக்கிஷத்தை முப்பது வருடம் காத்தவர். இதில் ஒன்றை அவருக்குப் பரிசாகத் தந்தருள வேண்டும்," என்றான்.

ராஜா சம்மதித்தார். பேரருளாளருக்கு வாயெல்லாம் பல். முன்னால் வந்து ஒரு பையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கினார். அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்துத் தூக்கினார். முப்பது வருடமாகப் பொன்னை வாங்கி வாங்கிப் பழகிய கை அது, சொந்தக்காரரைக் கேட்காமலே வேலை செய்தது. இரண்டாவது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மகாராஜா கொடுப்பது எதுவானாலும் பாக்கியம்," என்றார்.

"எதுவானாலும் என்றால் முதலில் எடுத்ததையே கொண்டுபோகலாமே," என்றான் கொழுந்தீசன். "அதை ஏன் கீழே வைத்தீர்?"

பேரருளாளர் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகாராஜா, மயில் பொன் எத்தனை காலம் செல்லும் என்று கேட்டீர்கள். சற்று முன்புவரை சென்றது. அச்சடித்தவர் கையே எடை பார்த்துவிட்டது, இனி அயலான் கை பார்க்காதா? நல்ல வேளை, செய்தி இந்த வாசலைத் தாண்டவில்லை. கடல் தாண்டிக் கொண்டுபோகக்கூடியவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்."

ராஜா கீழே கிடந்த பையைப் பார்த்தார். எடுப்பதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை தானாகவே எடை பார்க்க எழுவதை உணர்ந்து சட்டென்று இழுத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எது பழைய பை?"

"பேரருளாளர் அணைத்திருக்கிறாரே, அதுதான்."

ராஜா எழுந்து போய்த் தம் கையாலேயே அந்தப் பையை வாங்கிக்கொண்டார். "இதைப் போன்ற பழைய பைகளாகவே குதிரைகளுக்கு உரியதைக் கொண்டுவாருங்கள். சம்பளமாகப் போனதையும் திரும்ப வாங்கி, புதுக்காசு அத்தனையும் இன்றே உருக்குங்கள். குறையும் பொன் என் நகைகளிலிருந்து வரட்டும். மண்டபம் வேண்டாம். யூசுப்பை அழையுங்கள்."

யூசுப் வந்தார். ராஜா முதல் பையை நீட்டி, "திறந்து பார்த்துக்கொள்ளலாம்," என்றார்.

"எதற்கு மகாராஜா?" என்று யூசுப் அதை வாங்கிப் பார்க்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தச் செம்பழுப்புக் குதிரைக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, ஆற்றுத் தண்ணீர்தான் காட்ட வேண்டும். அதையும் சொல்லத்தான் வந்தேன்."

அவர் வாசலைத் தாண்டும்வரை ராஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடி சூட்டிய நாளில்கூட வராத கண்ணீர் அப்போது வந்தது, பெருமையால் வந்த கண்ணீர்.

பிறகு பேரருளாளர் பக்கம் திரும்பினார். "உமது ஆணைப்படி உமது பதவி போயிற்று."

"பதவி போகட்டும், அந்தக் கையை விடாதீர்கள் மகாராஜா," என்றான் கொழுந்தீசன். "அதை அக்கசாலை வாசலில் உட்கார வையுங்கள். காசு வெளியே போகும் முன் ஒவ்வொன்றையும் அது எடை பார்க்கட்டும். வெளியே போனபின் எவனும் பார்க்க வேண்டியிருக்காது."

"செய்கிறேன். இனி என் காசு எத்தனை காலம் செல்லும்? அதையும் சொல்லிவிடு."

"தெரியாது மகாராஜா. அந்தக் கேள்வி எவருக்கும் தோன்றாதவரை செல்லும்."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். "செம்பு கலந்தது எனக்கும் பேரருளாளருக்கும் அக்கசாலைக்கும் மட்டுமே தெரியும். உனக்கு எப்படித் தெரிந்தது? நீயும் எடை பார்த்தாயா? ஆணை இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்."

"ஆணை வந்தது செவ்வாய்க்கிழமை. எனக்குச் சம்பளம் வந்தது திங்கட்கிழமை," என்று கொழுந்தீசன் மடியிலிருந்து தன் காசுகளை எடுத்து வைத்தான். "வீட்டுக்காரி திங்கட்கிழமையே கடித்துப் பார்த்துவிட்டாள்."

ராஜா சிரித்த சிரிப்பில் வெளி மண்டபத்துக் காவலர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மாதச் சம்பளத்தைப் பழைய காசில் பத்து மடங்காக அவனுக்குக் கொடுத்தார். கடித்துப் பார்த்த அம்மாளுக்கும் ஒரு பட்டுப் புடவை தனியே போயிற்று.