மாசிலாமணி வேன் கதவை இறக்கிய காலை

ஒரு வேன், ஒரு கிழவர், அவரிடம் சாப்பிட்ட மூன்று பேர். கதை இவ்வளவுதான். முடிகிற இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதுவரை யார் மேலும் கோபப்பட்டுவிடாதீர்கள்.

கரூர் புறவழிச்சாலையில், லாரிகளை எடை போடும் எடைமேடைக்கு எதிரே அந்த வேன் நின்றது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. பக்கவாட்டுத் தகரத்தை அறுத்துக் கீல் வைத்திருந்தார்கள். தூக்கி முட்டுக் கொடுத்தால் கடை. இறக்கினால் மாசிலாமணிக்கு வீடு. இட்லி, சாம்பார் தவிர வேறொன்றும் கிடையாது.

மனைவி தனபாக்கியம் இருந்தவரை ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு அவள் நக்கிப் பார்ப்பாள். தலையை ஆட்டினால்தான் கதவு மேலே போகும். சாகும்போது அவள் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: "என்னைக்கு ஒருத்தர் வாயைத் திறந்து நல்லா இல்லைன்னு சொல்றாங்களோ, அன்னைக்கே கதவை இறக்கிடோணும்." இதை மாசிலாமணி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். "இதுவரைக்கும் ஒருத்தன் சொல்லலியே!"

எடைமேடையில் வேலை பார்க்கும் செல்லத்துரைதான் தினமும் முதல் ஆள். போன மழைக்காலத்தில் கிழவர் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். எழுந்த பிறகு சாம்பார் உப்புக் கரித்தது. ஒருநாள் கைதவறல் என்றால் சரி, தினமும் அப்படித்தான். ஒரு காலையில் அவர் உள்ளங்கையை நக்கிவிட்டு வெகுநேரம் சும்மா நிற்பதைச் செல்லத்துரை பார்த்தான். பிறகு இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டார். நாக்கில் ருசியே இல்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

"எப்படிடா இருக்குது?"

"பிரமாதம் பெரியப்பா. பெரியம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குது."

பக்கத்தில் முகம் சுளித்த லாரி டிரைவரின் தொடையைக் கிள்ளினான். "பெரியவர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கண்ணா, புண்ணியமாப் போகும்." டிரைவர்கள் நல்லவர்கள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். கிழவரைத் தான் ஒருவன்தான் தாங்கிப் பிடித்திருப்பதாகச் செல்லத்துரைக்கு ஒரு நினைப்பு.

காய்ச்சலுக்குப் பிறகு வேனில் இன்னொரு மாற்றமும் வந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த உப்பு டப்பாவும் வெந்நீர்ப் போசியும் வெளிப் பலகைக்கு வந்துவிட்டன, சாம்பார் குண்டானை ஒட்டி. இலையைப் போட்டதும் கிழவர் திரும்பி நின்றுகொள்வார். இட்லி வெந்து தட்டு இறங்கிய பிறகும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருப்பார். செல்லத்துரைக்கு அது வசதியாகப் போயிற்று. போசியைச் சாய்த்துத் தன் கிண்ணத்துச் சாம்பாரில் கொஞ்சம் ஊற்றிக்கொள்வான். சாப்பிட்டதும் எடைமேடைக்கு ஓடிவிடுவான்.

அவன் போன பிறகு வருகிறவர் பஞ்சர்கடை ஜபருல்லா பாய். அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கிழவர் திரும்பி நின்றதும் போசியைத் தூக்கிக் குண்டானிலேயே கவிழ்த்து, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, வாயில் விட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது ஆள் சுங்கச்சாவடி வெண்ணிலா. வேறு சாவடிக்கு மாற்றலாகிப் போயிருந்தவள், தை பிறந்ததும் திரும்பி வந்தாள். அவள் வந்த காலை, பாய் மகள் வீட்டுக்குப் பள்ளப்பட்டி போயிருந்தார். கரண்டு இல்லாததால் எடைமேடை ஓடவில்லை. செல்லத்துரை கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்தாள். செல்லத்துரை அவள் காலை மிதித்தான்.

"என்னத்துக்கு மிதிக்கிறீங்க? ஐயா, உப்புக் கரிக்குதுங்க. வாயில வைக்க முடியல."

"வெண்ணிலா!"

"சும்மா இருங்கண்ணா. இங்க சாப்பிடறவங்க பாதிப் பேரு பிரஷர் மாத்திரை போட்டுட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவங்க. எங்கப்பாவும் அப்படித்தான் போனாரு." அவள் கிழவர் பக்கம் திரும்பினாள். "உங்க சத்தியம் எனக்குத் தெரியாம இல்லீங்க ஐயா."

மாசிலாமணி திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "சரி கண்ணு. இலையை மூடிக்க," என்றார். அடுப்பை அணைத்தார். முட்டுக்கம்பை எடுத்தார். கதவு இறங்கியது.

பாய் ஊரிலிருந்து வந்ததும் பஞ்சர்கடையில் மூன்று பேருக்கும் சண்டை மூண்டுவிட்டது.

"பொறந்ததுல இருந்து உண்மையே பேசற வாய் பாரு!" என்றான் செல்லத்துரை.

"உங்க பொய்யைக் கேட்டு எத்தனை பேரு உப்பைத் தின்னாங்களோ!" என்றாள் வெண்ணிலா.

"நான் தண்ணியை ஊத்தி ஓட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார் பாய். "தண்ணிச் சாம்பார் தின்னு எவனும் செத்ததில்லை. ரெண்டு பேருமாச் சேர்ந்து கெடுத்தீங்க."

"நீங்க மட்டும் என்ன? அவருக்குத் தெரியாம அவர் சமையல்ல கை வெச்சீங்க," என்றாள் அவள்.

ஒருவன் புகழ்ந்தான். ஒருவர் பேசாமல் திருத்தினார். ஒருத்தி உள்ளதைச் சொன்னாள். மூவருக்கும் கிழவர் மேல் பிரியம்தான். இதில் யார் செய்தது சரி?

விடை: வெண்ணிலாவைக் குறை சொல்ல முடியாது, சாப்பிடுகிறவர்களுக்காக ஒருவர் பேசத்தான் வேண்டும். ஆனால் கிழவருக்கு வேண்டியதைச் செய்தவர் பாய்தான். உப்பையும் வெந்நீரையும் குண்டானை ஒட்டி வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்கிற மனிதருக்குத் தன் நாக்கைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? வாய்விட்டு உதவி கேட்டால், நல்லா இல்லை என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்; சத்தியப்படி கதவை இறக்க வேண்டும். அதனால் கேட்காமல் கேட்டார். அந்தப் போசியைத் தினமும் கையில் எடுத்தும், தன் கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டவன் செல்லத்துரை. அவனுக்கு இது விளங்கியது மூடிய வேனுக்குள் அவருக்குச் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானத்தில்தான். மாசிலாமணி பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டு, அவனைப் பார்க்காமல் சொன்னார்: "பாய் அன்னைக்கு ஊர்ல இருந்திருக்கலாம்."