தலை நுழையாத பனியன்

அம்பலவாணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மேனேஜர். குரலைக் கேட்டால் ஊரையே அவர்தான் தைத்தார் என்று தோன்றும்.

"மூணு மேசையில செக்கிங், மூணு ஸ்டிக்கர். அப்புறமும் டேமேஜ் பீஸ் எப்படி வெளியே போகுது? நாளைக்குள்ள கண்டுபிடி, இல்லேன்னா வேலைக்கு வராதே!" என்று பிசிர் நூல் வெட்டும் செல்லாத்தாள் மேல் பாய்ந்தார்.

மறுநாள் அவள் ஒரு பனியனை நீட்டினாள். மூன்று ஸ்டிக்கரையும் பார்த்தவர், 'சரி' என்று அதன் செக்கிங் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"போட்டுப் பாருங்க சார்."

போட்டார். தலை வெளியே வரவில்லை. கழுத்தைத் தைத்து மூடித்தான் அவள் செக்கிங்குக்கு அனுப்பியிருந்தாள்.

"மூணு பேரும் எப்படி விட்டாங்க?" பனியனுக்குள்ளிருந்தே கத்தினார்.

"பின்னாடி ஆள் இருக்குன்னு முதல் மேசை விட்டுச்சு. முன்னாடியே பார்த்தாச்சுன்னு மத்த ரெண்டும் விட்டுச்சு. நீங்க ஏனுங்க சார் விட்டீங்க?"