பதினேழாம் ஏடு

குறும்பொறை நாட்டு அமைச்சர் சேந்தன் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். மனைவி வைத்த ரசமானாலும் சரி, கோயில் பிரசாதமானாலும் சரி. அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஐந்து நாடுகள் சேர்ந்து எழுதிய சாசனத்தைக் கொடுத்தால் அவர் எப்படித் தூங்குவார்? பத்து நாளாகத் தூங்கவில்லை.

மலைக்குக் கீழே இருந்த அந்த ஐந்து நாடுகளும் ஒரு கூட்டு அமைத்திருந்தன. ஒரே சந்தை, ஒரே அளவை, ஒரே காவல். யாரும் எங்கும் போகலாம், வரலாம். ஆறாவதாக நீங்களும் வந்து சேருங்கள் என்று கூட்டின் தூதர் அரண்மனையில் வந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் சிரித்த முகம். சேராத நாடுகளுக்கு ஆவணி முதல் கணவாய் வாயில் அடைக்கப்படும் என்பதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். சேந்தனுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

அரசர் கைகழுவிவிட்டார்.

"நீர் சரி என்றால் முத்திரை வைக்கிறேன். வேண்டாம் என்றால் தூதரை அனுப்பிவிடுகிறேன். நாளை மாலைக்குள் சொல்லும்."

சேந்தனின் ஒரே மகள் நங்கை கீழே வயல்நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயல்நாடு கூட்டில் இருக்கும் நாடு. ஆவணியில் அவளுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், தலைப்பிரசவம். வாயில் அடைபட்டால் அவள் எப்படி வருவாள்? வேண்டாம் என்று சொன்னால் மகள் அங்கே, தாய் இங்கே. சரி என்று சொன்னால் மகளுக்காக நாட்டை விற்றான் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும். தானே அப்படித்தான் செய்யப் போகிறோமோ என்று அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவரைத் தின்றது.

மறுநாள் காலையில் சாசனக் கட்டை இடுக்கிக்கொண்டு கீழ்ப்பொறைக்கு நடந்தார்.

கீழ்ப்பொறை மலைச்சரிவில் முப்பது குடிசை உள்ள சிற்றூர். ஆறு வருடத்துக்கு முன்புவரை யாருக்கும் கட்டுப்படாமல் தனியாக இருந்தது. அதைப் பேசிப் பேசிக் குறும்பொறையோடு சேர்த்தவர் சேந்தன்தான். அந்தப் பெருமை அவருக்கு இன்னும் தீரவில்லை. அவருடைய குரு மருதியம்மை அங்கேதான் இருந்தார். சேந்தனைவிடப் பத்து வயது இளையவர், காட்டுத் தினையைக் குத்திப் புடைத்துச் சாப்பிடும் துறவி. அரண்மனையில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். சேந்தன் காதில் போட்டுக்கொள்வதில்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மருதியம்மைதான்.

அப்போதும், கொடுத்த கஞ்சியை முகர்ந்து பார்த்தார்.

"என் கஞ்சியையுமா?" என்றார் மருதியம்மை. "பயப்படாமல் குடியுங்கள். நாம் எல்லாரும் குடிக்கிற கஞ்சிதான்."

சேந்தன் வெட்கத்தோடு குடித்தார். பிறகு கட்டைப் பிரித்தார்.

"அம்மையே, கூட்டில் சேரலாமா, வேண்டாமா?"

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"ஏமாற்று என்று தோன்றுகிறது. ஆனால் எங்கே என்று அகப்படவில்லை. இருபது ஏடு. கண் பூத்துப்போகும்வரை படித்துவிட்டேன். எல்லாம் வெல்லமாக இருக்கிறது."

"வாய்விட்டுப் படியுங்கள்."

"வாய்விட்டா?"

"கண் பழகிவிட்டது. காது இன்னும் பழகவில்லையே."

மருதியம்மை சுளகை எடுத்துத் தினை புடைக்கத் தொடங்கினார். சேந்தன் படித்தார்.

"நாம் ஒருவர் களஞ்சியத்தை ஒருவருக்குத் திறந்து வைப்போம். நாம் ஒரே அளவையால் அளப்போம். ஒருவர் எல்லைக்கு ஆபத்து என்றால் நாம் எல்லாரும் வீரர்களை அனுப்புவோம்."

ஏடு ஏடாகப் புரண்டது. உமி ஒரு பக்கம் பறந்தது. பதினேழாம் ஏட்டுக்கு வந்தார்.

"நம்மிடையே வழக்கு எழுந்தால் நாங்கள் கூடி முடிவு செய்வோம்."

படித்துவிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டப் போனவர் அப்படியே நின்றார். திரும்பவும் படித்தார். மூன்றாம் முறை கத்தியே படித்தார்.

"நாங்கள்! அம்மையே, நாங்கள் என்று எழுதியிருக்கிறான்!"

"ஆமாம்."

"நாங்கள் என்றால் அவர்கள் ஐந்து பேர். இந்த நாங்களில் நாம் இல்லை! கொடுக்கும்போதெல்லாம் நாம், முடிவு செய்யும்போது மட்டும் நாங்களா?" தொடையைத் தட்டிக்கொண்டார். "பிடித்துவிட்டேன்! கைதவறி எழுதியது என்று அந்தச் சிரிப்பு மூஞ்சி சொல்லுவான். இருபது ஏட்டில் ஒரே இடத்தில், அதுவும் சரியாக இந்த இடத்தில் கை தவறுமா?"

"தவறாது" என்றார் மருதியம்மை.

பத்து நாளில் முதல்முறையாகச் சேந்தனுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. மகளை இனி எப்படி அழைத்து வருவது என்ற கவலையும் வந்தது. ஆனாலும் தன் சந்தேகம் பொய்க்கவில்லை என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஏடுகளை அவசரமாகக் கட்டினார்.

"இருங்கள்" என்று சொல்லி மருதியம்மை உள்ளே போனார். பரணிலிருந்து ஓர் ஓலையை எடுத்து வந்து நீட்டினார். ஓரம் கரையான் அரித்திருந்தது.

"காதுக்கு வேலை வந்துவிட்டது. இதையும் வாய்விட்டுப் படியுங்கள்."

சேந்தன் வாங்கினார். பழக்கதோஷம், ஓலையையும் முகர்ந்தார். புகை வாசனை. படித்தார்.

"குறும்பொறையும் கீழ்ப்பொறையும் இன்று முதல் ஒன்று. விளைந்ததை நாம் பகிர்ந்துகொள்வோம். பஞ்சம் வந்தால் நாம் ஒரே களஞ்சியத்தில் உண்போம். எது பஞ்சம் என்பதை..."

நிறுத்திவிட்டார். எழுத்து யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வளைவும் சுழிப்பும் அவருடையவை.

"படியுங்கள்."

"எது பஞ்சம் என்பதை நாங்கள் முடிவு செய்வோம்."

"போன கோடையில் இங்கே இரண்டு பெண்கள் குழந்தை பெற்றார்கள்" என்றார் மருதியம்மை. "பால் ஊறக் கஞ்சி இல்லை. களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஊர் கூடி எழுதி அனுப்பியது. இது பஞ்சம் அல்ல என்று பதில் வந்தது."

அந்தப் பதிலும் சேந்தன் எழுதியதுதான். எழுதியதைக்கூட அவர் மறந்து போயிருந்தார்.

"குழந்தைகள்?"

"ஒன்று இருக்கிறது."

சேந்தனின் ஒரு கையில் சாசனக் கட்டு இருந்தது. இன்னொரு கையில் ஓலை. அவமானத்தில் காது சுட்டது. வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. இப்போது கிளம்பினால்தான் மாலைக்குள் அரண்மனை சேர முடியும்.

"இது... கைதவறி..." என்று தொடங்கினார்.

மருதியம்மை மறுபடியும் சுளகின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சேரலாமா, வேண்டாமா? அதை நீங்கள் சொல்லவே இல்லையே அம்மையே."

"தூதருக்கு என்ன சொல்கிறீர்களோ, அதை எங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் சேந்தரே" என்றார் மருதியம்மை. "அதையே நாங்களும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம்."