சம்பந்திப் பந்தியில் ஒரு கிண்ணம்

யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கேள்வியை நானே கேட்கிறேன்; அதுவரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். தொண்டையைச் செருமாமல் பேச்சைத் தொடங்காத அதன் முதல்வர் ஒரு போட்டி அறிவித்தார்: "ம்ஹும். ஒரே ஒரு ஆளுக்காக ஒரு பொருள் செய்ய வேண்டும். ம்ஹும். அந்த ஆளுக்கு எது மெய்யாகவே பொருந்துகிறதோ அதற்குத்தான் பரிசு."

மூன்று மாணவர்கள் ஒரே ஆளைப் பிடித்தார்கள். வாசல் காவலர் இசக்கியப்பன் அண்ணாச்சி. கல்லூரிப் பேருந்து ஓட்டியவர். கைநடுக்கம் வந்தபின் வாசலுக்கு மாறியவர். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சம்பந்தியோடு பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ரசம் முழங்கைவரை ஓடுமே. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

மெர்லின் அவரிடம் மரியாதையாகப் போய், என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் குனிந்துகொண்டே, ஒரு நல்ல கரண்டி இருந்தால் போதும் என்றார். பிடி தடித்த கரண்டி ஒன்றைச் சொன்னபடியே செய்து கொடுத்தாள்.

நவநீதன் எதையும் கேட்கவில்லை. அவர் கை ஆடுவதைப் படமெடுத்து அளந்து, மணிக்கட்டில் மாட்டும் பட்டை ஒன்று செய்தான். மாட்டினால் ஒரு சொட்டும் சிந்தாது. ஆனால் கறுப்பாக, பருமனாக, வண்டு மாதிரி இரைந்துகொண்டிருக்கும்.

மூன்றாமவன் கோமதிநாயகம். எந்தக் குரலையும் பிடித்துவிடுகிற பயல். விடுதிச் சாப்பாட்டறையில் அண்ணாச்சியாகவே உட்கார்ந்து, விரல் உதற ரசத்தை அள்ளி, "வண்டி நியூட்ரல்ல நிக்கி, அதான் உதறுது" என்றான். அறையே சிரித்தது. சட்டென்று சிரிப்பு நின்றது. பின்னால் அண்ணாச்சி நின்றிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. "குரல் சரியா இருக்கு தம்பி. ஒண்ணுதான் தப்பு. நான் எலையப் பாக்க மாட்டேன். பக்கத்து ஆளு எங்க பாக்காருன்னுதான் பாப்பேன்."

கோமதிநாயகத்துக்குக் காது சுட்டது. அன்று முதல் வாசல் வழியாகப் போவதை விட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எந்தக் குரலில் கேட்பது?

அண்ணாச்சியின் மனைவியிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கல்யாணச் சமையல்காரரைப் பிடித்தான். கல்யாணத்தன்று எல்லா இலையிலும், சம்பந்தி இலையிலும்கூட, கோமதிநாயகம் செய்த, விளிம்பு உயர்ந்த பாக்குமட்டைக் கிண்ணமும் மரக்கரண்டியும் இருந்தன. ரசச் சாதமும் பாயசமும் எல்லோருக்கும் அதில்தான். அண்ணாச்சி உட்கார்ந்தார். கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. சம்பந்தியோ கிண்ணத்தைப் புகழ்ந்தபடி தன் பாயசத்திலேயே கண்ணாக இருந்தார். மெர்லினின் கரண்டி அண்ணாச்சியின் சட்டைப்பையிலும், நவநீதனின் பட்டை வீட்டுப் பெட்டியிலும் கிடந்தன.

தீர்ப்பு நாள் வந்தது. அவரை மதித்துக் கேட்டவள் தான் ஒருத்திதான் என்றாள் மெர்லின். சிந்தாதது தன்னுடையது மட்டுமே என்றான் நவநீதன். கோமதிநாயகம் தலை நிமிரவில்லை. "என் பேரை அடிச்சிருங்க சார். அவரைக் கேலி பண்ணித்தான் இது கெடச்சுது."

இப்போது சொல்லுங்கள்: பரிசு யாருக்கு? கேலியில் கிடைத்த கிண்ணத்துக்குக் கொடுப்பது சரியா?

விடை: கிண்ணத்துக்கே. நடுங்கியது கைதான், ஆனால் அவரைப் பந்தியில் உட்காரவிடாமல் செய்தது பக்கத்து ஆளின் பார்வை. வெட்கப்படுகிறவர் கேட்டாலும் முழுதாகச் சொல்ல மாட்டார். கையை அளந்தவனுக்கும் அது தெரியாது. கோமதிநாயகத்துக்கும் தானாகத் தெரியவில்லை. அவன் கேலியைத் திருத்தி அண்ணாச்சி சொன்னதால்தான் தெரிந்தது. ஆகவே பரிசில் முதல் பெயர் இசக்கியப்பன், அடுத்த பெயர் கோமதிநாயகம். மேடையில் அண்ணாச்சி நடுங்கும் கையால் கேடயத்தை வாங்குவார். அதன் மறுபக்கத்தை அவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.