மாஸ்டர் விளைவித்த பரங்கிக்காய்

தாமிரபரணிக் கரையில் செங்கமலத்தம்மாள் என்றொரு துறவி இருந்தார். சீடர் ஒரே ஒருவர்தான். பெயர் ஆவுடையப்பன். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். மூன்று வருஷமாக மந்திர உபதேசத்துக்குக் காத்திருந்தார்.

ஒருநாள் அம்மாள் சொன்னார்: "உம் கையால் ஒரு பரங்கிக்காய் விளைவித்துக் கொண்டுவாரும். பார்க்கலாம்."

மாஸ்டர் குடிசைக்குப் பின்னால் விதை போட்டார். கொடியென்றால் அப்படியொரு கொடி. படுத்திருந்த நாயின் வாலைச் சுற்றிக்கொண்டது. நாய் எழுந்து ஆற்றுக்குப் போக, கொடியும் கூடவே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

பூ ஏராளம். பிஞ்சுதான் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தது.

மாஸ்டர் அம்மாளை அழைத்துவந்து காட்டினார். விரல் நீட்டினால் பிஞ்சு அழுகிவிடுமாம். முஷ்டியை மடக்கித்தான் காட்டினார்.

"இவ்வளவு பக்குவமாகப் பார்க்கிறேன். இருந்தும் தங்கமாட்டேன் என்கிறதே அம்மா."

அம்மாள் சற்றுநேரம் காதுகொடுத்து நின்றார்.

"சத்தமே இல்லையே மாஸ்டரே. வேம்பில் தேன்கூடு இருந்ததே?"

"கண்ணை மூடி உட்கார்ந்தால் ஒரே ரீங்காரம். முப்பத்தாறு வருஷம் ரயில் சத்தத்தோடு மாரடித்தவன், இங்கேயுமா என்று புகை போட்டு விரட்டிவிட்டேன்."

"அப்படியா. நாளையிலிருந்து அந்தத் தேனீக்களின் வேலையை நீர் பாரும்."

ஆண்பூ ஒன்றைப் பறித்து, அடியில் பிஞ்சு இருந்த பூவுக்குள் தடவிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

விடிந்ததும் மாஸ்டர் கொடிகளுக்கிடையே தவழ்ந்தார். வெயில் ஏறினால் பூ வாயை மூடிக்கொள்ளும். தாமதமாக வருகிறவருக்கு அங்கே சிக்னல் கிடையாது. இருபது நாள் இப்படி. முட்டி தேய்ந்தது. மூக்கெல்லாம் மஞ்சள். மூன்று பிஞ்சு நின்றது. இரண்டை அணில் தின்றது.

மிஞ்சிய ஒன்று முற்றிக் காம்பு காய்ந்ததும், தோளில் சுமந்துவந்து அம்மாள் முன்னால் இறக்கினார்.

"யார் விளைவித்தது?"

"நான்தான் அம்மா. பூப்பூவாகத் தவழ்ந்து, முட்டி தேய விளைவித்தேன்."

அம்மாள் காயைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல காய். தேனீ மட்டும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை."

மாஸ்டர் எழுந்து வேம்படிக்குப் போனார். வெறுங்கிளையை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார்.

"இருபது நாள் உங்கள் வேலையைப் பார்த்தேன், அதற்கே என்னால் முடியவில்லை," என்றார் மெதுவாக. "நீங்கள் செய்துகொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் தின்றுகொண்டே இருந்திருக்கிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரிவாள்மணையை எடுத்துக் குழம்புக்கு நறுக்க உட்கார்ந்துவிட்டார். எதற்காக அந்தக் காயைச் சுமந்துவந்தார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அம்மாள் எதிரே வந்து அமர்ந்தார்.

"அதை அப்புறம் நறுக்கலாம். காதை இப்படிக் கொண்டுவாரும், மாஸ்டரே."